காய்ச்சினால் போகாதது

பிரேம்சந்த் 1932-இல் எழுதிய 'தாக்கூரின் கிணறு' கதையை நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் எடுக்காமல் விடுவதில்லை. தலித் அல்லாதவர் எழுதிய நல்ல தலித் கதை என்று ஒரு பக்கம் தூக்கி வைப்பார்கள். கங்கியை ஓட விட்டுவிட்டார், எதிர்த்து நிற்க விடவில்லை, இது அனுதாப இலக்கியம் என்று இன்னொரு பக்கம் போட்டு உடைப்பார்கள். இரண்டும் வேண்டிய சண்டைதான். ஆனால் இரண்டு பக்கத்தாரும் ஜோக்கு கையில் வைத்திருக்கிற சொம்பை எட்டிப் பார்ப்பதில்லை. தீண்டாமைக் கதை என்றே வாசித்துப் பழகிவிட்டதால், அது கெட்ட தண்ணீரைப் பற்றிய கதை என்பது கண்ணில் படாமல் போகிறது. எனக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நான் பாலாற்றங்கரைச் சேரிக்காரன். கெட்ட தண்ணி எனக்கு உருவகம் இல்லை.

கதையை ஒருமுறை நினைவுபடுத்திக் கொள்வோம். ஜோக்கு பல நாளாக நோயில் கிடக்கிறான். தாகம். சொம்பை வாயருகே கொண்டு போனால் குடலைப் பிடுங்கும் நாற்றம். முந்தின நாள் அதே கிணற்றில் நாற்றம் இல்லை. ஏதோ விலங்கு விழுந்து செத்திருக்க வேண்டும் என்று கங்கி யோசிக்கிறாள். மூக்கைப் பிடித்துக் கொண்டாவது குடிக்கிறேன் என்கிறான் அவன். அவள் கொடுக்கவில்லை. வேறு தண்ணீர் என்றால் தாக்கூர் கிணறு, இல்லாவிட்டால் சாகு கிணறு. இரண்டிலும் கை வைக்க முடியாது. ராத்திரி போகிறாள். நிழலில் ஒளிந்து காத்திருக்கிறாள். குடம் கிணற்று விளிம்பு வரை வந்துவிட்ட நேரத்தில் தாக்கூர் வீட்டுக் கதவு திறக்கிறது. கயிறு கையை விட்டுப் போகிறது. ஓடி வந்து பார்த்தால் ஜோக்கு அந்த நாத்தத் தண்ணீரையே குடித்துக் கொண்டிருக்கிறான்.

இதில் பிரேம்சந்த் சரியாகப் பிடித்த இடங்கள் உண்டு. கிணறு தூரத்தில் இருக்கிறது, தண்ணீர் எடுப்பது பெண்ணின் வேலை, நோயாளிக்குத்தான் நல்ல தண்ணீர் அதிகம் தேவை, அவனுக்குத்தான் அது கிடைக்கவில்லை. மூன்று நான்கு பக்கக் கதைக்குள் இவ்வளவும் வந்துவிடுகிறது. அவர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று. செத்த விலங்கைக் கிணற்றிலிருந்து யார் தூக்குவார்கள்? தாக்கூர் கிணற்றில் நாய் விழுந்து செத்திருந்தால் அன்றைக்கே ஜோக்குவைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நோயோடு இறங்கச் சொல்லியிருப்பார்கள். சுத்தம் பண்ணத் தொடலாம், சுத்தம் பண்ணின பிறகு தொடக் கூடாது. இந்த விதி எந்த ஊரிலும் எழுதி வைக்கப்பட்டதில்லை, எல்லா ஊரிலும் நடப்பது.

நான் சொல்ல வந்த இடம் வேறு. கதையின் தொடக்கத்தில், கங்கி தண்ணீரைத் தர மறுக்கிற இடத்தில், பிரேம்சந்த் கதையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்து ஒரு விஷயம் சொல்கிறார். கெட்ட தண்ணீர் குடித்தால் நோய் அதிகமாகும் என்று கங்கிக்குத் தெரியும். காய்ச்சினால் அந்தக் கெடுதல் போய்விடும் என்பது மட்டும் தெரியாது. சாதாரணமாகத்தான் வந்து போகிறது. ஆனால் கதை முழுக்க கங்கியோடு நடந்து வந்த ஆசிரியர் இங்கே மட்டும் அவள் தலைக்கு மேலே கை நீட்டி, படித்த வாசகரோடு கை குலுக்குகிறார். அவருக்கும் வாசகருக்கும் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. பாவம், அறியாமை. இந்த இடத்தில் கதை ஒரு நொடி சுகாதாரத் துறை சுவரொட்டி ஆகிவிடுகிறது.

அந்தக் காலத்து அறிவியல்படி அவர் சொன்னதில் தப்பில்லை. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ ஒரு தெருக் குழாயைச் சுட்டிக்காட்டி காலரா தண்ணீர் வழியாகத்தான் வருகிறது என்று வாதாடினார். 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அந்தக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை, இதையெல்லாம் உண்டாக்கும் கிருமிகள் கொதிநீரில் சாகும். செத்த விலங்கின் நாற்றம் அப்படியே இருக்கும், கிருமி இருக்காது. சரி. விறகு? ஒரு குடம் தண்ணீர் தளதளவென்று கொதிக்க எத்தனை சுள்ளி வேண்டும், அது எவன் வேலியில் ஒடிப்பது? சோறு பொங்கவே சாணி வரட்டி தேடுகிற வீட்டில் நாள்தோறும் குடிதண்ணீரைக் காய்ச்சுவது இன்னொரு சமையல். அறியாமை என்று எழுதிவிட்டால் விறகுக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை.

இதுவரைக்கும் பிரேம்சந்தோடு ஒரு உரசல், அவ்வளவுதான். என்னுடைய தகராறு அந்த யோசனையின் பின்னாலே நூறு வருஷமாக வந்து கொண்டிருக்கிற ஊர்வலத்தோடு. எங்க பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், வயித்த வலியோ, உடம்பெல்லாம் அரிப்போ, மூட்டு வலியோ, எது சொன்னாலும் கடைசியில் ஒரே வாசகம்: "தண்ணிய காய்ச்சிக் குடிங்க." எங்கம்மா காய்ச்சினாள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்ததைக் கரண்டியால் சுரண்டிக் காட்டினாள். "இன்னாடா இது, காய்ச்ச காய்ச்ச கெட்டியாவுது." இதைவிடச் சரியான வேதியியலை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. உப்பும் உலோகமும் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவியாகிப் போவது தண்ணீர்தான். உப்பு அங்கேயே நிற்கும். ஒரு லிட்டர் முக்கால் லிட்டராக வற்றினால் அதே விஷம் முக்கால் லிட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும்.

பாலாறு என்றாலும் தண்ணீர் ஓடுகிற ஆறு அல்ல. நந்தி மலையில் பிறந்து ஆந்திரம் வழியாக வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் என்று வருகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆறு மணலுக்குக் கீழே இருந்தது. ஊற்று தோண்டினால் இனிக்கும் தண்ணீர் என்று கிழவர்கள் சொல்வார்கள். அதனால்தான் தோல் பதனிடுகிறவர்களும் இங்கே வந்தார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு ஊறவைத்த காலம் வரை நாற்றம் இருந்தது, நாசம் இவ்வளவு இல்லை. பிறகு குரோம் உப்பில் பதனிடும் முறை பரவியது. அவசரமாகப் பதமாகும், ஏற்றுமதிக்கு ஏற்றது. தோல் கெடாமலிருக்கப் போட்ட சமையல் உப்பு, மயிர் உதிரச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், அதன்பின் அமிலம், அதன்பின் குரோமியம். எல்லாம் கழுவிய தண்ணீரோடு வெளியே வந்தன. ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயனம் செய்த ஆலை ஒன்று தொண்ணூறுகளில் மூடப்பட்டபோது விட்டுச் சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாக நீர் வடியும். அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் வகை. டேனரித் தொட்டியில் போடுவது மூன்று இணைதிறன் கொண்டது, அவ்வளவு கொடியதல்ல. இந்த வித்தியாசத்தை மறைத்து இரண்டையும் ஒன்றாகப் பேசுவது ஆலை முதலாளிக்குத்தான் வசதி. ஒன்றில் நாம் தப்பாகச் சொன்னால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவான்.

இன்னொரு விஷயம், மூக்கு. ஜோக்குவைக் காப்பாற்றப் பார்த்தது மூக்கு. நாற்றம் ஒரு எச்சரிக்கை, ஏழைக்கு இலவசமாகக் கிடைத்த பரிசோதனைக் கூடம். இப்போதைய விஷங்களுக்கு மூக்கு போதாது. பிரேம்சந்த் பிறந்த லமஹி காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையோரம் பல்லியா மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்கிறது. நிறம் இல்லை, ருசி இல்லை, வாசம் இல்லை. உள்ளங்கையில் காய்ப்பு, மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்தது போல் புள்ளிகள், வருஷங்கள் கழித்துப் புற்று. குளத்து நீரும் திறந்த கிணற்று நீரும் கிருமி என்று சொல்லி கங்கைச் சமவெளியிலும் வங்கத்திலும் ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போட்டார்கள். பேதிச் சாவு குறைந்தது உண்மை. அந்தக் குழாயிலேயே ஆர்சனிக்கும் ஏறி வந்தது. இன்றைக்குக் கங்கியின் பேத்தி தன் வாசலிலேயே அடிகுழாய் வைத்திருக்கலாம். தாக்கூர் கதவைத் திறப்பானோ என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். காய்ச்சினாலும் ஆர்சனிக் போகாது.

டேனரியில் மூக்கின் கதை இன்னும் மோசம். சல்பைடு கலந்த கழிவும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. முதலில் அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினால் நாத்தமே தெரியாது. வாயு நல்லதாகிவிட்டதால் அல்ல, மூக்கின் நரம்பை அது மரத்துப்போக வைத்துவிடுவதால். குழிக்குள் இறங்கினவன் "வாடை இல்லப்பா" என்று மேலே குரல் கொடுத்துவிட்டு விழுவான். தூக்கப் போனவனும் விழுவான். இப்படிச் செத்தவர்களின் பட்டியலை ஊர் வாரியாக எடுத்தால் சாதி வாரியான பட்டியலும் அதுவேதான். 2015 ஜனவரி 31 ராத்திரி ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தது. பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நீர் மாசு அவர்களைக் குடிதண்ணீர் வழியாக மெல்லக் கொல்லவில்லை. நேராக மூடிவிட்டது.

சூழலியல் கட்டுரைகளில் இந்த ஆட்கள் எங்கே? தமிழில் ஆறுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள், நல்லதுதான். படிக்கிறேன். ஆறு தாய், நமது மடி, நாம் அனைவரும் குழந்தைகள். பாலாற்றுக் கட்டுரை என்றால் கருகிய தென்னை ஒன்று, வாயில் நுரை தள்ளிய மாடு ஒன்று, கைகட்டி நிற்கும் விவசாயி ஒருவர் என்று படம் வரும். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் அளவு நின்று தோல் இழுத்தவன் படத்துக்குள் வரமாட்டான். வந்தால் குற்றவாளி பக்கத்தில் வருவான், ஆலையின் ஆளாக. எங்க பெரியப்பா முப்பது வருஷம் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தோல் இழுத்தவர். விரல் நகங்கள் தேய்ந்து, ரேகை அழிந்து, சோறு பிசைந்தால் எரியும் என்று கரண்டியில் சாப்பிட்டவர். அவர் வேலை செய்த இடத்துக் கழிவுதான் எங்கள் கிணற்றுக்கும் வந்தது. ஆலையை மூடு என்று ஊர்வலம் போனபோது அவர் வரவில்லை. "மூடிட்டா உங்க ஆத்துத் தண்ணிய குடிச்சிட்டே இருக்கச் சொல்றியா?" என்றார். இந்தக் கேள்விக்கு இடம் தராத சூழலியல் எழுத்தை நான் பாதி எழுத்து என்றுதான் சொல்வேன். டி. செல்வராஜின் 'தோல்' நாவலை (2010) இதற்காகவே மதிக்கிறேன். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களை அது ஊறல் குழிக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துப் பார்த்தது. அது தொழிற்சங்கத்தின் கதை. வெளியே போன தண்ணீர் எந்தக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கதை இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.

மாட்டைப் பற்றி எழுதுவதை நான் கிண்டல் செய்யவில்லை. எங்க பக்கம் தோல் கழிவு கலந்த குட்டையில் மாடு மோந்து பாத்துட்டுத் தலய திருப்பிக்கும். வேற வழியில்லாமல் குடித்தால் கழிச்சல், பால் வற்றும், சினை நிற்காது. உப்பும் சல்பேட்டும் அதிகமான தண்ணீருக்கு மாட்டின் உடம்பு அப்படித்தான் பதில் சொல்லும். கழிவும் உரமும் இறங்கிய கிணறுகளில் நைட்ரேட் கூடும். மாட்டின் அசைபோடும் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி ரத்தம் பழுப்பாகும், மூச்சு முட்டிச் சாகும். அதே கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உதடு நீலமாகும். கன்றுக்கும் கைக்குழந்தைக்கும் ரத்தம் ஒரே மாதிரிதான் கெடுகிறது. ஃபுளூரைடு மிகுந்த தர்மபுரிப் பக்கத்துத் தண்ணீர் மனிதனின் பல்லைப் பழுப்பாக்கி முதுகை வளைக்கும். மாட்டின் பல்லைத் தேய்த்து நொண்ட வைக்கும். எலிக்காய்ச்சல் எலி, மாடுகளின் சிறுநீர் வழியாகத் தேங்கிய நீருக்கு வந்து, வெடித்த கால் வழியாக நாற்று நடுகிறவள் உடம்புக்குள் போகும். மாட்டுக்குக் கருச்சிதைவு, அவளுக்குச் சிறுநீரகம். இந்த நோய்கள் சாதி பார்ப்பதில்லை என்று எழுதுவார்கள். நோய் பார்க்காது. யார் வெறுங்காலோடு சேற்றில் நிற்பது என்பதைச் சாதி ஏற்கெனவே பார்த்து முடித்திருக்கும்.

மாடு குடிக்கிற தண்ணீர் என்றால் மகத் நினைவுக்கு வரவேண்டும். சவுதார் குளத்தில் மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், பிற மதத்தவர் குடிக்கலாம், தீண்டத்தகாதவர் மட்டும் கூடாது. 1923-இல் பம்பாய் சட்டமன்றத் தீர்மானம், அதையொட்டி மகத் நகராட்சியின் தீர்மானம், இரண்டும் காகிதத்தில் இருந்தன. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் போய்க் குடித்தார். அதன்பின் சாதி இந்துக்கள் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 108 பானைகளில் பால், தயிர், சாணம், மாட்டு மூத்திரம் என்று மந்திரத்தோடு ஊற்றினார்கள். இதைச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் பார்த்தால் என்ன பெயர் சொல்வார்? குடிநீர்க் குளத்தில் கால்நடைக் கழிவு கலக்கப்பட்டது என்று எழுதுவார். நம்முடைய கை பட்டது தீட்டு. சாணம் விழுந்தது சுத்தம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறார்கள். தமிழில் தீட்டு, மாசு என்று தனித்தனியாக வைத்துக்கொண்டிருக்கிறோம். தீட்டைப் பற்றிச் சமூகவியல்காரர் எழுதுவார், மாசைப் பற்றிப் பொறியாளர் எழுதுவார். ஒரே குடத்தில்தான் இரண்டும் கிடக்கிறது என்பது குடத்தைத் தூக்குகிறவளுக்குத் தெரியும். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு உடம்புக்கு வந்தபோது தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். சேரிக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் மிதந்தது. அங்கே மாசே தீட்டின் ஆயுதம். 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்தச் சேரி ஆட்கள் மூன்று பேரையே குற்றவாளியாக்கியது. அதை அந்த மக்கள் ஏற்கவில்லை.

கடைசியாக ஒரு பிரதி, தீர்ப்பு. 1991-இல் தொடுத்த வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நட்டது என்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. இலக்கியம் வாசிப்பது போல நாம் அதை வாசிக்க வேண்டும். பட்டியலில் முதல் மாவட்டத்தின் அன்றைய பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அவர் பெயர் வைத்த மாவட்டத்தில்தான் குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்தப் பெயரும் பிறகு எடுக்கப்பட்டது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர், சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது, திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டவை. பெண்களும் குழந்தைகளும் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் இருக்கிறது. எந்தப் பெண்கள்? ஊர்த் தெருவுக்கும் சேரிக்கும் ஒரே குழாய், ஒரே தூரம் என்பது போலவே அந்த வாசகம் போகிறது. சாதி என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை.

தேவைப்படாததன் விலை பின்னால் தெரிந்தது. இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடிக்கும் மேல் என்று கணக்குப் போட்டது. சராசரி பார்த்தால் ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சுமார். கணக்கின் அடிப்படை நிலம், கெட்டுப்போன ஏக்கர். பட்டா உள்ளவருக்கு இழப்பு உண்டு. அந்த நிலத்தில் களை எடுத்தவளுக்கு வேலை போனது, கிணறு போனது, உடம்பு போனது. அவளிடம் காட்ட சர்வே எண் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் திரும்பவும் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மாசு செய்தவரிடமிருந்து வசூலி, கண்காணிக்கக் குழு போடு என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷம் தாண்டிவிட்டது. இப்போதாவது அந்தக் குழுவின் முன்னால் போய் நிற்கப் போகிறவர்கள், உடம்பு என்ற கணக்கையும் ஒரு தலைப்பாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். தோல் நோய்க்கு, சிதைந்த கருவுக்கு, டேனரிக்காரன் கைக்கு. அதற்குச் சாட்சியம் எழுதிவைத்திருக்க வேண்டும். கவிதை போதாது.

பிரேம்சந்துக்குத் திரும்பினால், அவர் கதையை முடித்த இடம் இலக்கியமாக நல்ல இடம். சொம்பு வாயில் இருக்கிறது, கதை நின்றுவிடுகிறது. வாசகருக்கு நெஞ்சடைக்கும், புத்தகத்தை மூடுவார். ஜோக்குவின் வயிற்றுக்குள் போனது அதன்பின் என்ன செய்தது என்று கதைக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்க சேரியில் இதே கதையை எங்கம்மாவிடம் சொன்னேன். கிணற்றுக்குப் போனது, ஓடி வந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்த சங்கதி, ம் கொட்டிக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்: "குடிச்சானா? அப்புறம் ராத்திரிக்கு எத்தினி தபா வெளிய போனான்? உப்பு சக்கர தண்ணி கலக்க நல்ல தண்ணிக்கு அவ எங்க போனா?"